தலைவலி என்று மட்டும் சொல்லாதீர்கள்

எனக்குத் தலைவலி தொடங்கியது 2011 ஆம் ஆண்டு மாரி காலத்தில். வன்னியில் இருந்தபோது இதைத் தலையிடி என்போம். பசறைப் பக்கம் அண்ணன் வீட்டுக்கு வந்தபின் நானும் தலைவலி என்று சொல்லப் பழகிக்கொண்டேன். காலையில் கண் விழிக்கும்போதே இருக்கும். குத்துகிற வலி அல்ல. ஈரச் சாக்கை மடித்துத் தலையில் வைத்ததுபோல இரண்டு பக்கமும் ஒரே பாரம். மத்தியானம் கொழுந்து நிறுக்கப் போகும்போதும் அதே பாரம், இரவு பாயில் சாயும்போதும் அதே பாரம். வாந்தி இல்லை. வெளிச்சம் கூசுவதும் இல்லை. ஆகவே இது பெரிய வருத்தம் இல்லை என்றே நானும் நினைத்தேன், மற்றவர்களும் நினைத்தார்கள்.

நான் பிறந்தது பசறைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில். 1983 ஆடிக் கலவரத்தில் எங்கள் காம்பரா எரிந்தபோது எனக்கு ஐந்து வயது. பெரியண்ணனைத் தாத்தாவோடு விட்டுவிட்டு அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு முதலில் வவுனியாவுக்கும் பிறகு கிளிநொச்சிக்கும் போனார். அங்கேயே வளர்ந்தேன், அங்கேயே கலியாணம் முடித்தேன். 2009 இல் கணவரை முள்ளிவாய்க்காலில் பறிகொடுத்து, இரண்டு பிள்ளைகளோடு மெனிக் பாம் முகாமில் ஒன்றரை வருடம் இருந்து, கடைசியில் பிறந்த லயத்துக்கே திரும்பி வந்தேன்.

இந்தக் கதையை இங்கே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நான் மருந்துக்குப் போன இடமெல்லாம் இந்தக் கதையே என் வலிக்கு விளக்கமாகிப் போனது. ஒரு டிஸ்பென்சரியில் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "புருஷன நெனச்சு நெனச்சு வர்ற வலிதான் தங்கச்சி. யோசிக்காம இருங்க" என்று சொல்லி ஒரு சுருள் பெனடோலைக் கையில் தந்தார்கள். அண்ணி எலுமிச்சங்காய் சுற்றிப் போட்டார். மாரியம்மன் கோயிலில் தண்ணீர் ஓதித் தந்தார்கள். வன்னியிலிருந்து வந்தவள் என்றால் மனம்தான் வருத்தம் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். வாசிக்கிற உங்களில் பலருக்கும் இதே மறுமொழி கிடைத்திருக்கும்.

மனப்பாரத்தால் தலைவலி வருவது பொய் அல்ல. அது நடிப்பும் அல்ல, அதற்கும் வைத்தியம் உண்டு. ஆனால் போரில் உறவைப் பறிகொடுத்த பெண்ணுக்கு வேறு வருத்தமே வராது என்று யாரும் எழுதித் தரவில்லையே.

மூன்று வருடம் இப்படியே போனது. அதற்குள் எனக்கு வேறு பலதும் நடந்துகொண்டிருந்தன. தலைமுடி சீப்போடு வந்தது. முகம் ஊதியது. பங்குனி வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன். குரல் ஆம்பிளைக் குரல் மாதிரிக் கட்டிப்போனது. மாதவிடாய் வந்தால் பத்து நாள் நிற்காது. மலையில் எல்லோரும் ஒரு நிரை முடிக்கும்போது நான் அரை நிரையில் நிற்பேன், கங்காணியிடம் ஏச்சு வாங்குவேன். இவற்றில் ஒன்றையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. முடி கொட்டுவதற்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். பத்து நாள் இரத்தப்போக்கை ஆண் வைத்தியரிடம் சொல்ல வெட்கம்.

இன்னொன்றும் உண்டு. பதுளைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போனால் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பேச வேண்டும். எங்கள் பெண்களுக்குத் தெரிந்தது இரண்டு சொல். "ஒளுவ ரிதெனவா." தலை வலிக்கிறது. அதற்கு மேல் சொல்ல வாய் வராது. மாதவிடாய்க்கு என்ன சொல், மார்புக்கு என்ன சொல், உடம்பு குளிர்கிறது என்று எப்படிச் சொல்வது? ஆகவே உடம்பில் பத்து முறைப்பாடு இருந்தாலும் வைத்தியரின் மேசைக்குப் போய்ச் சேர்வது தலைவலி ஒன்றுதான். வைத்தியரும் தலைவலிக்கு மருந்து எழுதுவார்.

என்னைக் காப்பாற்றியது எங்கள் பகுதிக்கு வரும் மருத்துவிச்சி அம்மா. 2014 இல் அண்ணன் மகளின் கைக்குழந்தையை நிறுக்க வந்தவர், குசினி வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "ஏன் தங்கச்சி, கண்ணு ரெண்டும் இப்படி ஊதிக் கெடக்கு? ஒங்க கொரல் எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார். பிறகு என்னை உள்ளே கூட்டிப்போய் மாதவிடாயைக் கேட்டார், மலச்சிக்கலைக் கேட்டார், குளிரைக் கேட்டார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு துண்டில் எல்லாவற்றையும் சிங்களத்தில் எழுதி, "இத அப்படியே பதுள பெரியாஸ்பத்திரியில குடுங்க, நீங்க ஒண்ணுமே பேச வேணாம்" என்று அனுப்பினார். அந்தத் துண்டைப் பார்த்த வைத்தியர் என் தலையைத் தொடவே இல்லை. இரத்தம் எடுக்கச் சொன்னார்.

தைரொயிட் சுரப்பி வேலை குறைந்துவிட்டது என்று அறிக்கை வந்தது. கூடவே இரத்தச்சோகையும் இருந்தது.

இந்தச் சுரப்பி கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணாத்திப்பூச்சி சிறகை விரித்த வடிவத்தில் இருக்கிறது. உடம்பு எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற ஓமோனை அது சுரக்கிறது. அதை வேலை வாங்குவது மூளையின் அடியில் கடலை அளவில் இருக்கும் கபச்சுரப்பி. தோட்டத்துக் கணக்கில் சொன்னால் கபச்சுரப்பி கங்காணி, தைரொயிட் கொழுந்து பறிக்கிறவள். அவள் கை தளர்ந்தால் கங்காணி சத்தத்தைக் கூட்டுவார். டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனையில் அளப்பது அந்தச் சத்தத்தைத்தான். பெரும்பாலான ஆய்வுகூடங்களில் நான்கு, ஐந்து வரை இருந்தால் சரி என்பார்கள். எனக்கு 68 இருந்தது.

தைரொயிட் குறைந்தவர்களில் பத்துப் பேருக்கு மூன்று பேர் அளவில் தலைவலி வருவதாக வைத்திய நூல்கள் சொல்கின்றன. உலகத் தலைவலி வைத்தியர்களின் சங்கம் தலைவலிகளை வகைப்படுத்தியிருக்கும் பட்டியலில் இதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறது. இரண்டு பக்கமும், துடிக்காமல், இடைவிடாமல் இருக்கிற வலி என்று அதில் எழுதியிருக்கிறதாம். என் ஈரச் சாக்கு அதுதான். சுரப்பிக் குறையைச் சரிப்படுத்தினால் வலி விட்டுப்போகும் என்றும் அதிலேயே உண்டு.

எங்கள் மலைப்பக்கத்துக்குக் கழுத்துக் கழலை புதிதல்ல. என் அப்பத்தாவுக்குக் கோழி முட்டை அளவில் இருந்தது. மழை மண்ணிலுள்ள அயடீனைக் கழுவிக்கொண்டு போய்விடுவதால் மலைநாடுகளில் இப்படி வருவது உலகம் முழுவதும் கண்ட விடயம். 1980களின் பின்பகுதியில் இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகளிடையே செய்த ஆய்வில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் கழலை இருந்தது. 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமானது. அதன்பின் கதை முடிந்தது என்று நினைத்தால், 2000 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இலங்கை மாணவிகள் பலரின் இரத்தத்தில் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதைக் காட்டியது. அதாவது உடம்பே தன் சுரப்பியைப் பகையாக நினைத்துத் தாக்கும் வருத்தம். எனக்கு வந்ததும் அந்த வகைதான். உப்பு விடயத்தில் ஒன்றுதான் சொல்வேன். அடுப்பு மேட்டில் மூடியில்லாத சட்டியில் உப்பை வைத்திருந்தால் சூட்டிலும் ஈரத்திலும் அயடீன் குறைந்துபோகும். மூடிய போத்தலில் வையுங்கள். கறி இறக்குகிற நேரத்தில் போடுங்கள்.

எனக்குத் தைரொக்சின் மாத்திரை எழுதித் தந்தார்கள், இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் தந்தார்கள். மூன்று மாதம் ஒரு நாளும் விடாமல் குடித்தேன். திரும்பப் பார்த்தால் 68 இலிருந்து 51 க்குத்தான் இறங்கியிருந்தது. தலைவலியும் அப்படியே. மருந்தைக் குடிக்காமல் பொய் சொல்கிறேன் என்று வைத்தியர் சந்தேகப்பட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே நின்ற தமிழ்த் தாதி ஒருவர்தான், "அக்கா, மாத்திரைய எப்புடிக் குடிக்கிறீங்க, எனக்குச் சொல்லுங்க" என்று கேட்டார்.

எப்படிக் குடிப்பேன்? தோட்டத்தில் எல்லோரும் குடிக்கிற மாதிரித்தான். விடிய எழும்பி அடுப்பு மூட்டி, சாயத்தண்ணி ஊற்றி, இரண்டு மாத்திரையையும் ஒன்றாக வாயில் போட்டுச் சாயத்தண்ணியில் விழுங்கிவிட்டு, ரொட்டியைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு ஓடுவேன்.

பிழை அதுதான். தைரொக்சினை வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரில் குடித்து அரை மணித்தியாலமாவது பொறுக்க வேண்டும். தேநீரோ கோப்பியோ சாப்பாடோ அதற்குப் பிறகுதான். இரும்புச்சத்து மாத்திரையும் கல்சியம் மாத்திரையும் தைரொக்சினை வயிற்றுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்தில் சேர விடாது. ஆகவே அவற்றுக்கு நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் தேநீரோடு குடித்தால் பாதி வீண். அதை நான் இரவு படுக்கும்போது குடிக்கத் தொடங்கினேன். காலையில் எழும்பியவுடன் முதல் வேலை தைரொக்சின். அதன்பின் பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, மாவு பிசைந்து முடிக்க அரை மணித்தியாலம் தானாகப் போய்விடும். எட்டு வாரத்தில் அந்த எண் ஒன்பதுக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்தில் வாழ்கிற பெண்ணுக்கு இந்த மாத்திரையைத் தருகிறவர்கள் தேத்தண்ணியைப் பற்றி முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆனால் தலைவலி முழுதாக விடவில்லை. அதற்குக் காரணம் பெனடோல்.

மூன்று வருடமாக நான் தினமும் இரண்டு, நான்கு என்று விழுங்கி வந்தேன். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் வலிமாத்திரை குடித்து வந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். கொடெயின் கலந்த மாத்திரைகளும் கலவை மாத்திரைகளும் என்றால் மாதத்தில் 10 நாளே போதும். நிறுத்தியபோது முதல் பத்து நாள் வலி கூடியது, தூக்கம் இல்லை. "மருந்த விட்டுட்டுச் சாகப் போறியா?" என்று அண்ணி ஏசினார். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ விடியக்காலையில் எழும்பி உட்கார்ந்தபோது தலையில் பாரம் இல்லை. ஏதோ குறைகிறதே என்று சற்று நேரம் தேடினேன்.

இதை வாசித்துவிட்டு எல்லாத் தலைவலிக்கும் தைரொயிட்தான் காரணம் என்று யாரும் முடிவு கட்டவேண்டாம். நான் வைத்தியர் அல்ல. பட்டதையும், கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் எழுதுகிறேன். ஓமோன் சுரப்பிகளால் வருகிற நாட்பட்ட தலைவலி குறைவு. பெரும்பாலானவை தசை இறுக்கத்தால் வருகிறவை அல்லது ஒற்றைத் தலைவலி. கொழுந்துக் கூடையின் கயிற்றை, இப்போது பல இடங்களில் சாக்கின் பட்டியை, உச்சந்தலையில் மாட்டி நாள் முழுக்க இழுக்கிறோம். அந்த அழுத்தமே கழுத்தையும் தலையையும் வலிக்கச் செய்யப் போதும். இரத்தச்சோகை, கண் பார்வைக் குறைவு, பட்டினி, தூக்கமின்மை எல்லாம் அதன் பிறகு வருகின்றன.

மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பு தொடங்கி மூன்றாம் நாள்வரை ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். சூலகம் சுரக்கும் ஈஸ்திரஜன் அந்த நாட்களில் சடுதியாக இறங்குவதுதான் காரணம். கர்ப்ப காலத்தில் பலருக்கு அது குறைந்துபோகும். மாதவிடாய் நிற்கப்போகிற வயதில் ஓமோன் ஏறி இறங்குவதால் கூடும், முற்றாக நின்றபின் பலருக்கு அடங்கும். இது ஆபத்தான வருத்தம் அல்ல. ஆனால் ஒரு விடயம் கவனம். வலிக்கு முன்பு கண்ணில் மின்னல் கோடுகள் தெரிவதும், பார்வை மறைவதும், கை விறைப்பதும் உள்ளவர்கள் ஈஸ்திரஜன் கலந்த குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை பாவிக்கக் கூடாது. பாரிசவாதம் வரும் அபாயம் கூடும். மாத்திரை எடுக்கிறவர்கள் இதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லி வேறு முறை கேளுங்கள்.

எங்கள் லயத்துக்குக் கீழே இருக்கிற ஒரு அக்காவின் கதையையும் சொல்ல வேண்டும். அவரே எழுதச் சொன்னார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். கணவர் இறந்து ஏழு வருடம். கடைசிப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. நெற்றிக்குப் பின்னால் ஓயாத வலி என்று சொல்வார். கதவு நிலையில் தோள் இடிக்கும். மலையில் பக்கத்து நிரைக்காரியோடு மோதிவிட்டு, "என்னத் தள்ளுறா" என்று சண்டைக்குப் போவார். எல்லோரும் அவருக்குக் கொழுப்பு என்றார்கள். என் கதை தெரிந்தபிறகு ஒரு நாள் இரவு வந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார். மாதவிடாய் நின்று இரண்டு வருடம், மார்பில் பால் வடிகிறது.

புருஷன் இல்லாத பெண்ணுக்குப் பால் வடிகிறது என்று தெரிந்தால் லயத்தில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பயத்தில் அவர் உடுப்புக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு இரண்டு வருடம் மலைக்குப் போயிருக்கிறார். வைத்தியரிடம் தலைவலி என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அது கபச்சுரப்பியில் வந்த கட்டி. பால் சுரக்க வைக்கும் புரோலக்டின் என்ற ஓமோனை அது அளவுக்கு மேல் சுரந்துகொண்டிருந்தது. கபச்சுரப்பிக்குச் சற்று மேலேதான் இரண்டு கண் நரம்புகளும் ஒன்றையொன்று கடக்கின்றன. கட்டி வளர்ந்து அங்கே அழுத்தினால் இரண்டு பக்க ஓரப் பார்வையும் போகும். நேரே பார்ப்பது தெரியும், பக்கத்தில் நிற்கிறவள் தெரியாள். அக்கா கதவில் இடித்ததும் சண்டை பிடித்ததும் கொழுப்பால் அல்ல. கட்டி என்றதும் புற்றுநோய் என்று நினைத்துவிட்டார், பிள்ளைகளை யாரிடம் விடுவது என்றுகூட என்னிடம் பேசினார். ஆனால் இந்தக் கட்டிகள் அநேகமாக எப்போதும் புற்றுநோய் அல்ல. இந்த வகைக்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சையும் தேவையில்லை. கிழமைக்கு இரண்டு தரம் குடிக்கிற ஒரு மாத்திரையில் கட்டி சுருங்கியது. பார்வை திரும்பியது, பால் நின்றது, தலைவலி நூற்றுக்கு எழுபது குறைந்தது என்கிறார்.

பால் வடிகிற எல்லோருக்கும் கட்டி இல்லை. தைரொயிட் மிகவும் குறைந்தாலும் புரோலக்டின் கூடும். சில மனநல மருந்துகளும், வாந்திக்குத் தருகிற சில மருந்துகளும் அதைக் கூட்டும். மனநலக் கிளினிக்குக்குப் போகிற சகோதரிகள் இதை வாசித்துவிட்டு மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். அங்கேயே சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்.

கபச்சுரப்பி கூடச் சுரந்தால் ஒரு கதை, குறையச் சுரந்தால் இன்னொரு கதை. இந்த இரண்டாவது கதையில்தான் எனக்கு அதிகம் யோசனை, ஏனென்றால் அது நம்மைப் போன்றவர்களைத் தேடி வருகிறது. பிரசவத்தின்போது பெருமளவு இரத்தம் போனால் இந்தச் சுரப்பிக்கு இரத்தம் கிடைக்காமல் அது கருகிப்போகலாம். 1937 இல் இங்கிலாந்தின் ஷீஹன் என்ற வைத்தியர் இதை விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். பிள்ளைக்குப் பால் சுரக்காது, மாதவிடாய் திரும்ப வராது, அக்குள் முடி கொட்டும், எழும்பி நடக்கச் சீவன் இருக்காது. காஷ்மீரில் நடத்திய ஓர் ஆய்வு 2005 இல் வெளிவந்தது. 20 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கு இந்த வருத்தம் இருக்கலாம் என்று அதில் கணக்கிட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அளவில் வீட்டிலேயே பிரசவித்தவர்கள். 2009 இல் பங்கருக்குள் பிள்ளை பெற்றவர்களை எனக்குத் தெரியும். இரத்தம் துடைக்கத் துணி இல்லாமல் மண்ணை அள்ளிப் போட்டவர்களையும் தெரியும். அவர்களில் யாராவது அன்றிலிருந்து இன்றுவரை தேறாமல் இருந்தால், அந்தப் பிரசவத்தைப் பற்றி வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

தலையில் பலமாக அடிபட்டாலும் இந்தச் சுரப்பி பழுதாகலாம். ஆப்கானிஸ்தானில் குண்டுவெடிப்பால் மூளை பாதிக்கப்பட்ட பிரித்தானியப் படையினர் 19 பேரைச் சோதித்ததில் 6 பேருக்குக் கபச்சுரப்பி ஓமோன் குறைந்திருந்தது. 2013 இல் வெளியான ஆய்வு அது. அவர்கள் படையினர், தேடிச் சோதிக்க ஆட்கள் இருந்தார்கள். ஷெல் விழுந்து மயங்கி, எழும்பி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய எங்களை யார் சோதித்தது?

அவசரமான சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். வாழ்க்கையில் ஒருபோதும் வராத அளவு கடுமையான வலி சடுதியாக வந்து, கூடவே வாந்தி, பார்வை மங்கல், மயக்கம் என்றால் கிளினிக் நாள்வரை பொறுக்க வேண்டாம். மூளையிலோ கபச்சுரப்பியிலோ இரத்தம் கசிந்திருக்கலாம். 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கர்ப்பிணிக்கு ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கடும் தலைவலியும் கண் மங்கலும் வந்தாலும் அப்படியே. அரிதாக, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அதிரீனல் சுரப்பியில் கட்டி வந்தால் தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, வியர்வை மூன்றும் சேர்ந்து வந்து சற்று நேரத்தில் போகும், பிரஷர் ஏறும். மோதிரமும் செருப்பும் வர வர இறுகிக்கொண்டு, கை கால் பெருத்துத் தலையும் வலித்தால் அதுவும் கபச்சுரப்பிக் காரியம்தான்.

கிளினிக்குக்குப் போவது லேசான காரியம் இல்லை. ஒரு நாள் பேர் போகும். லுணுகலையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ பதுளைக்கு வரப் பஸ்ஸுக்குக் காசு வேண்டும். வரிசையில் நின்று உள்ளே போனால் இரண்டு நிமிடம் கிடைக்கும். ஆகவே மருத்துவிச்சி அம்மா எனக்குச் செய்ததை நான் இப்போது மற்றவர்களுக்குச் செய்கிறேன். ஒரு கொப்பித் தாளில் எழுதுவோம். வலி எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை, மாதவிடாய் எப்படி, பால் வடிகிறதா, ஓரத்தில் இருப்பது தெரிகிறதா, குளிர்கிறதா, பிரசவத்தில் இரத்தம் எவ்வளவு போனது, தலையில் அடிபட்டதா. தோட்டத்துப் பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கிற டீச்சர் அதைச் சிங்களத்தில் எழுதித் தருகிறார். முதலில் அவருக்கே கூச்சமாக இருந்தது. இப்போது, "அக்கா, இதயும் சேத்து எழுதவா?" என்று அவரே கேட்கிறார்.

எனக்கு இன்றும் தலைவலி வருகிறது. மே மாதத்தில் கட்டாயம் வரும். அது வேறு வலி, எனக்கு வித்தியாசம் தெரியும். அதற்கு நான் மாத்திரை தேடுவதில்லை, கணவரின் படத்துக்கு முன்னால் சற்று நேரம் உட்கார்ந்திருப்பேன்.

லுணுகலைப் பக்கம் ஒரு தங்கச்சி இருக்கிறாள். என்னைப் போலவே வன்னியிலிருந்து வந்தவள். புதுமாத்தளனில் ஷெல் விழுந்து ஒரு நாள் முழுக்க நினைவில்லாமல் கிடந்தவள். அன்றிலிருந்து தலைவலி. மாதவிடாய் நின்றபோது அவளுக்கு வயது இருபத்தாறு. அதிர்ச்சியில் நின்றுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பிவிட்டாள். போன மாதம்தான் அவளுடைய தாளை எழுதினோம், இரண்டு பக்கம் வந்தது. வைத்தியர் அதை முழுவதும் வாசித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இரத்தப் பரிசோதனைக்கு ஆறு வகை எழுதினார். முடிவு வருகிற வியாழக்கிழமை. நானும் கூடப் போகிறேன். காலை ஐந்தரை பஸ்ஸில் ஏறினால்தான் முதல் இலக்கங்களில் ஒன்று கிடைக்கும்.